தூங்கியவரை யாரும் ஏன் எழுப்பவில்லை?

பேருந்து நிலையத்தில், மூடிய கடை ஒன்றின் முன்னால் சாக்கை விரித்து ஒரு முதியவர் படுத்திருக்கிறார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறிக் கிடக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. எட்டரை மணி வெயில் அவருடைய பாதத்தில் விழுகிறது. எண்ணிப் பார்த்தால் படத்தில் பதினொரு பேர் அவரைக் கடந்து போகிறார்கள். ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. அதன் கீழே என் சமூக உளவியல் வகுப்பு மாணவி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ‘வேடிக்கை பார்ப்போர் விளைவு. மனிதநேயம் செத்துவிட்டது.’

முதல் வாக்கியத்துக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். பார்ப்பவர்கள் கூடக்கூட உதவிக்கு வருபவர்கள் குறைவதுதான் அந்த விளைவு. அமெரிக்க உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட பரிசோதனையை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள். பக்கத்து அறையிலிருந்து ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கிறது. தன் காதில் மட்டும்தான் விழுகிறது என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தக் குரல் அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம் மட்டுமே. தேர்வில் வந்தால் பத்து மதிப்பெண் கேள்வி அது.

என்னை உறுத்தியது இரண்டாவது வாக்கியம்.

“அவரிடம் கேட்டாயா?” என்றேன்.

“தூங்குகிறவரிடம் எப்படி மேடம் கேட்பது?”

“பக்கத்தில் வேறு யாரும் இல்லையா?”

கைப்பேசித் திரையில் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். இடது ஓரத்தில் ஒரு டீக்கடையின் பாய்லர், பாதி வெட்டுப்பட்டு நின்றது. மறுநாள் காலை அங்கே போய் டீ வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் சிரித்தாராம். “அவரா? அந்த வரிசைக் கடைகளுக்கு இரவுக் காவல் அவர்தான், பாப்பா. ஆறு மணிக்குத்தான் படுப்பார். பத்து மணிக்கு நான் டீயோடு போய் எழுப்பிவிடுவேன். கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்க வேண்டும் அல்லவா?” தள்ளுவண்டியில் கொய்யா விற்பவர் தன் வண்டியை வழக்கமான இடத்திலிருந்து நான்கடி தள்ளி நிறுத்துவதும் அவர் தூக்கம் கலையக்கூடாது என்பதற்காகத்தான். தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய மதுரையில் ஒரு மனிதர் தூங்குவதற்கு இத்தனை பேர் ஒத்துழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்துக்கு மனிதநேயம் செத்துவிட்டது என்று இரங்கல் குறிப்பு எழுதி என்னிடம் கொடுத்திருந்தாள் அந்தப் பெண்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயிற்சியைக் கொடுத்தவள் நான்தான். ‘சமூக உளவியல் கருத்து ஒன்றைக் காட்டும் படம் எடுத்து வரவும்’ என்று ஒற்றை வரியில் கொடுத்திருந்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். 2021 செப்டம்பரில் கல்லூரிகள் மீண்டும் திறந்தபோது எல்லார் கையிலும் கைப்பேசி இருந்தது. இணைய வகுப்புக்காகக் கடன் வாங்கியாவது பெற்றோர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வளாகத்துக்குள் அதைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது என்பது பழைய விதி. எங்கள் பாடநூலோ நியூயார்க் தெருவையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வறைகளையும் விட்டு வெளியே வராது. பையில் இருப்பதை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகச் சொன்னால் என்ன என்று தோன்றியது. துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி அனுப்பினேன்.

முதல் தடவை நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கு மேல் கிழவர்களின் சுருக்கம் விழுந்த முகங்கள். மூட்டை தூக்குபவரின் முதுகு வியர்வை, குழந்தையோடு பிச்சை எடுக்கும் பெண், மழையில் நனையும் ரிக்‌ஷா. எல்லாம் கறுப்பு வெள்ளைக்கு மாற்றப்பட்டவை. கீழே ‘வறுமை’, ‘ஏக்கம்’, ‘புறக்கணிப்பு’ என்று ஒற்றைச் சொல் தலைப்புகள். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எடுத்தவர்களுக்கும் அப்படியொன்றும் வசதி இல்லை. பலருடைய அப்பா மூட்டை தூக்குபவர்தான். ஆனாலும் கையில் கேமரா வந்ததும் எல்லாரும் வெளியூர்க்காரர்களாகிவிட்டார்கள்.

காவலாளி படத்தை வைத்துத்தான் நான் பாடம் நடத்தும் முறையையே மாற்றினேன். பிறர் செய்வதற்குக் காரணம் சொல்லும்போது நாம் அவருடைய குணத்தை அளவுக்கு மீறிப் பார்க்கிறோம், சூழலைக் கவனிக்காமல் விடுகிறோம். உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதைக் காரணம் கற்பிப்பதில் நேரும் அடிப்படைப் பிழை என்றார். ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். புகைப்படம் இந்தப் பிழையைச் செய்வதற்கென்றே செய்த கருவி என்பது அந்தப் பாய்லரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சட்டகத்துக்குள் மனிதர் இருப்பார். சூழல் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். ஆறு மணிக்கு நடந்ததும் பத்து மணிக்கு நடக்கப்போவதும் படத்தில் வருவதே இல்லை.

இன்னொரு வேடிக்கை. ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் 1984இல் சிகாகோவாசிகளையும் மைசூர்வாசிகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் செய்த காரியத்துக்கு அமெரிக்கப் பெரியவர்கள் அவருடைய சுபாவத்தைக் காரணமாகச் சொன்னார்கள். மைசூர்ப் பெரியவர்கள் அவருடைய நிலைமையை, உறவை, கடமையைச் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு பெரிதாக இல்லை. வளர வளரத்தான் கூடியது. அந்தக் கணக்கில் பார்த்தால், என் மாணவர்கள் டீக்கடைக்காரரைப் போல்தான் யோசித்திருக்க வேண்டும். பாடநூலும் கேமராவும் சேர்ந்து அவர்களைச் சிகாகோவுக்கு அனுப்பிவிட்டன போலும். (இது ஆய்வு முடிவு அல்ல, என் எரிச்சல்.)

அடுத்த ஆண்டு முதல் ஒரு படத்தை நான் வாங்குவதில்லை, மூன்று வேண்டும். முதலாவது, கண்ணில் பட்டது. இரண்டாவது, அதே இடத்தைப் பத்தடி பின்னால் போய் எடுத்தது. மூன்றாவது, படத்தில் உள்ளவர் இருக்கும் இடத்தில் நின்று, அவர் பார்க்கும் திசையில் எடுத்தது. இந்த மூன்றாவது படத்தை எடுக்க அவருக்குப் பக்கத்தில் போக வேண்டும். போனால் ஏதாவது பேசாமல் இருக்க முடியாது. நேர்காணலை நான் தனியாக வலியுறுத்தத் தேவையே இல்லாமல் போனது.

அதோடு இன்னொரு கட்டுப்பாடு. கேட்கப் போவதற்கு முன், ‘இங்கே என்ன நடக்கிறது என்று நினைக்கிறேன்’ என்பதை நோட்டில் பேனாவால் எழுத வேண்டும். பிறகு அடிக்கவோ கிழிக்கவோ கூடாது. கேட்டு வந்த பதிலை எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். மதிப்பெண் இந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குத்தான். படத்தின் அழகுக்கு ஒன்றும் கிடையாது. நன்றாகப் படமெடுக்கும் இரண்டு பையன்கள் என்மேல் வருத்தப்பட்டார்கள். முதல் ஊகமே சரியாக அமைந்துவிட்டால் மதிப்பெண் போய்விடுமோ என்று ஒருத்தி பயந்து, வேண்டுமென்றே தப்பாக ஊகித்து எழுதி வந்தாள். அதையும் வகுப்பில் பேசினோம். பரிசோதனைக்கு உட்பட்டவர்கள், ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடித்து அதன்படியே நடந்துகொள்வது என்றொரு தலைப்பு பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த முறையில் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பேருந்து நிறுத்தப் பயிற்சி. யோசனை என்னுடையது அல்ல. கட்டளைக்கு மனிதர்கள் எவ்வளவு தூரம் பணிவார்கள் என்று பார்த்த மின் அதிர்ச்சிப் பரிசோதனையால் பெயரும் பழியும் வாங்கிய அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1970களின் தொடக்கத்தில் தன் மாணவர்களோடு செய்தது. காலையில் ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்களை மாணவர்கள் படம் எடுத்தார்கள். படத்தில் ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, அடுத்த வாரம் அதே மேடைக்குப் போய், இவர்களில் யாரைத் தெரியும் என்று கேட்டார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு, முகம் நன்றாகத் தெரிந்தும் ஒருநாளும் பேசியிராத ஒருவராவது இருந்தார். சராசரியாக அப்படி நான்கு பேர். ‘பரிச்சயமான அந்நியர்’ என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார் மில்கிராம். அரை நூற்றாண்டுக்கு முன்பு படமும் நேர்காணலும் மாணவர்களும் சேர்ந்து செய்த வேலை அது. கைப்பேசி வந்ததால் நமக்குக் குறைந்தது படத்தைக் கழுவும் செலவு மட்டும்தான்.

ரயில் நடைமேடையில் மாணவர் கூட்டத்தோடு நின்று படமெடுக்க அனுமதி கேட்டு அலைய எனக்குத் தெம்பில்லை. கல்லூரிக்கு அருகில் உள்ள நகரப் பேருந்து நிறுத்தத்தைத் தேர்ந்தெடுத்தோம். மில்கிராமின் மாணவர்கள் சொல்லாமல் எடுத்தார்கள்; நாங்கள் முந்தின நாளே போய்ச் சொன்னோம். படத்தில் வர விருப்பமில்லாதவர்கள் நிழற்குடையின் அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். மொத்தக் கூட்டமும் கிடைக்கவில்லைதான். அதனால் எங்கள் எண்ணிக்கையை மில்கிராமின் எண்ணிக்கையோடு ஒப்பிட முடியாது என்று மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். முறை மாறினால் எண்ணும் மாறும் என்பதும் பாடம்தானே.

பேசாத மனிதர்களுக்கு எல்லாரும் பெயர் வைத்திருந்தார்கள். ‘சிவப்புக் குடை’, ‘அடுக்கு டிபன்’, ‘நர்ஸ் அம்மா’ (அவர் நர்ஸ் அல்ல, வெள்ளைப் புடவை கட்டும் டீச்சர்). ஒரு நடுத்தர வயதுக்காரர் படத்தில் ஒரு பெண்ணைத் தொட்டுக் காட்டி, “இந்தப் பெண்ணுக்குப் போன மாதம் நான்கைந்து நாள் உடம்பு சரியில்லை” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, “வரவில்லையே” என்றார். “பெயர் தெரியுமா?” “அதெல்லாம் எதற்கு?”

மக்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதற்கு மில்கிராம் சொன்ன காரணம் நகரத்தின் நெரிசல். பார்க்கும் எல்லாரிடமும் பேச முடியாது. மனம் தன்னைக் காத்துக்கொள்ள ஆட்களை வடிகட்டுகிறது என்றார். என் மாணவிகள் கொண்டுவந்த பதில்கள் வேறு திசையைக் காட்டின. ஆறு வருடமாக ஒரே பேருந்தில் போகும் ஒரு பெண் சொன்னாள்: “தெரியும் கண்ணு. நன்றாகவே தெரியும். தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டால் எங்கள் தெருவில் என்ன பேசுவார்கள் தெரியுமா?” அது நெரிசலால் வந்த மௌனம் அல்ல. ஊர் வாய்க்குப் பயந்து, தெரியாததுபோல் நடித்துக் காப்பாற்றி வரும் மௌனம். இதே கேள்விக்குப் பையன்களிடம் பெண்கள் சொன்ன பதில், “தெரியாது தம்பி” என்ற ஒன்றுதான். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும் என்பதைப் பல வருடமாக வாயால் சொல்லிவந்தேன். அன்று இரண்டு நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

மில்கிராமோடு அப்படியே ஒத்துப்போனதும் ஒன்று உண்டு. பரிச்சயமான அந்நியர்கள், வழக்கமாகச் சந்திக்கும் இடத்தை விட்டு எவ்வளவு தள்ளிச் சந்திக்கிறார்களோ அவ்வளவு எளிதாகப் பேசிவிடுவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். தையற்கூடத்துக்குப் போகும் ஓர் அக்கா தானாகவே சொன்னது இது: “அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக் கூட்டத்தில் சிவப்புக் குடையைப் பார்த்தேன். சொந்தக்காரியைப் பார்த்ததுபோல் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள், வீடு என்று என்னென்னவோ பேசினோம்.” அடுத்த திங்கட்கிழமை? “நிறுத்தத்தில் சிரித்தோம். பேசவில்லை.”

இவற்றையெல்லாம் கேட்டு வாங்குவது சுலபமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அந்நியரிடம் போய் “ஒரு நிமிடம் பேசலாமா?” என்று கேட்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பல மாணவர்கள் முதல் நாள் நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் கதையும் மில்கிராமுடையதுதான். சுரங்க ரயிலில் காரணமே சொல்லாமல் உட்கார்ந்திருப்பவரிடம் இருக்கை கேளுங்கள் என்று மாணவர்களை அனுப்பினார். அவர்கள் படும் பாட்டைப் பார்த்துத் தானே ஒருமுறை கேட்கப் போனவருக்கு வார்த்தை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. அந்தப் பரிசோதனையில் கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கு இடம் கிடைத்தது என்பது பிறகு வந்த செய்தி. கேட்பதற்கு முன் உங்கள் உடம்பில் என்ன நடந்தது என்பதையும் எழுதி வாருங்கள் என்கிறேன். உள்ளங்கை வியர்வைகூட, யாரும் சொல்லாமலே நாம் கடைப்பிடிக்கும் சமூக விதியின் பலத்தைக் காட்டும் சான்றுதான்.

எங்கள் ஊரில் இந்தத் தயக்கத்தை உடைப்பது முறைப்பெயர். “வணக்கம், நான் இன்ன கல்லூரியில்…” என்று தொடங்கியவர்களுக்கு முகம் இறுகியது. “அக்கா, இந்த பஸ் வழக்கமாகத் தாமதமாகத்தான் வருமா?” என்று தொடங்கியவர்களுக்கு இடம் ஒதுக்கி உட்கார வைத்தார்கள். இதில் ஒரு வழுக்கலும் உண்டு. யாரை ‘அய்யா’ என்றோம், யாரை ‘அண்ணே’ என்றோம், யாரை எந்தப் பெயரும் சொல்லாமல் “இந்தாங்க” என்று கூப்பிட்டோம் என்பதைப் பட்டியலிடச் சொன்னேன். துப்புரவுப் பணியாளர்களுக்கு எதிரே பெரும்பாலான நோட்டுகளில் கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்கு நான் வேறு எதுவும் நடத்தவில்லை.

கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். “உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கிறதா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பார்கள். “சந்தோஷமாக இருக்கிறதா?” என்று அதே ஆளைக் கேட்டாலும் “ஆமாம்” என்பார்கள், படிக்கிற பிள்ளை வெயிலில் வந்து நிற்கிறதே, எதற்கு இல்லையென்று சொல்ல வேண்டும்? படம் கைகொடுப்பது இங்கேதான். திரையை அவர் பக்கம் திருப்பி, “இதில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். படங்களை வைத்து மனிதரை ஆராய்ந்த ஜான் காலியர் 1957இலேயே இதை எழுதிவிட்டார். படத்தை நடுவில் வைத்துப் பேசும்போது ஆள் தன்னைப் பற்றி விசாரணை நடப்பதாக நினைப்பதில்லை, இரண்டு பேரும் சேர்ந்து மூன்றாவது ஒன்றைப் பார்க்கிறார்கள். மௌனத்தைத் தாங்குவதுதான் கடினம். மனதுக்குள் பத்து வரை எண்ணச் சொல்கிறேன். ஏழு, எட்டில் பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது நடந்ததை மறக்க முடியாது. பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவின் பேச்சை ஒரு மாணவன் எழுதி வந்திருந்தான்: ‘காலை நான்கு மணியிலிருந்து இங்கு இருக்கிறேன்.’ பதிவை ஓடவிட்டுக் கேட்டேன். அவர் சொன்னது ‘இங்கேயே கிடக்கிறேன்’. ஏன் மாற்றினாய் என்றால், “நன்றாக இருக்கட்டும் என்றுதான் மேடம்” என்கிறான். கிடக்கிறேன் என்பதில் உடம்பின் அலுப்பு இருக்கிறது, கேட்பாரில்லை என்பது இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் இருக்கிறது. இருக்கிறேன் என்பதில் விலாசம் மட்டும்தான் மிஞ்சுகிறது. அதற்குப் பிறகு, திருத்தாதே, உச்சரித்தபடியே எழுது என்று சொல்லிவிட்டேன். குரலைத் தானே எழுத்தாக்கும் வசதியை நம்பினால் நம் வட்டாரப் பேச்சை அது தன் இஷ்டத்துக்குத் திருத்துகிறது. கையால் எழுத வைப்பதே மேல். பத்து நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் எட்டு நிமிடத்துக்கு மேல் பதிவு செய்ய வேண்டாம் என்கிறேன்.

கருவி பற்றிய மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் பேச, மற்றவர் கைப்பேசியைப் பார்த்துக்கொள்ள. எல்லாரிடமும் நல்ல கைப்பேசி இல்லை என்ற சிக்கலும் இதில் தீர்ந்துவிடும். பதிவு தொடங்கும் முன் விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து கெடுக்காது. கைப்பேசியை மேசைமீது வெறுமனே வைக்காமல் மடித்த கைக்குட்டைமேல் வைத்தால் அதிர்வுச் சத்தம் குறையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது, ஆனால் எடுத்த இடம், நேரம் போன்ற விவரங்களும் உடன் போகக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

இப்போது என் தவறு. அந்தப் பூக்கார அம்மாவின் படத்தை ஒரு மாணவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள். ‘உழைக்கும் கரங்கள்’ என்று எழுதி, ஓர் இதயமும் போட்டிருந்தாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நடைபாதையில் பூ விற்பதை அந்த அம்மா தன் மகளின் புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் வைத்திருந்தார். யார் யார் கையில் மாறிப் போனதோ, அவர்கள் பார்வைக்கு அது போய்விட்டது. மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “படிப்புக்கு என்றுதானே கண்ணு கேட்டாய்?” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார். அவள் அழுதாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குமேல் எங்களால் எதையும் திருப்பி எடுக்க முடியவில்லை.

அனுமதிப் படிவம் வைத்திருந்தோம், கையெழுத்தும் இருந்தது. அது யாரைக் காப்பாற்றியது? கையெழுத்து என்றாலே கடன், ஆதார், மனு என்று பழகியவர்கள், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் போட்டுவிடுகிறார்கள். அல்லது பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். இப்போது படிவம் இல்லை. மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு, பதிலை அவர் குரலிலேயே பதிவு செய்கிறோம். எடுக்கலாமா? வகுப்பில் காட்டலாமா? வகுப்புக்கு வெளியே யாராவது பார்த்தால் பரவாயில்லையா? மூன்றாவதற்கு வேண்டாம் என்கிறவர்கள் நிறையப் பேர். படிவத்தில் இந்த மூன்றையும் ஒன்றாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பருவம் முடியும் நாளில் எல்லாரும் வகுப்பில் உட்கார்ந்து படங்களை அழிக்கிறோம்; நீக்கப்பட்டவை தங்கும் கோப்புறையிலிருந்தும், தானியங்கிச் சேமிப்பிலிருந்தும். அரை மணி நேரம் ஆகிறது. கைப்பேசியில் முகமில்லாத படங்கள் மட்டும் மிஞ்சும்.

முகமில்லாமல் எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ரேஷன் கடை வரிசையைக் காட்டுவேன். கடை திறக்க ஒரு மணி நேரம் இருக்கிறது. வரிசையில் ஓர் ஆள் இல்லை. மஞ்சள் பை, செங்கல் துண்டு, ஒற்றைச் செருப்பு, மண்ணெண்ணெய் கேன், இன்னொரு செங்கல். ஆட்களெல்லாம் எதிர்வீட்டுத் திண்ணையில். என் மாணவி ஒரு கல்லைக் காட்டி இது யாருடையது என்று கேட்க, ஒரு பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னுடையதுதான். பார்த்தால் தெரியவில்லையா?” கல்லில் என்ன அடையாளம் பாட்டி? “நான் வைத்த கல் எனக்குத் தெரியாதா? அதற்குப் பின்னால் இருக்கிற பைக்காரிக்கும் தெரியும்.” மில்கிராமின் குழு நியூயார்க்கில் வரிசைகளின் நடுவே ஆட்களை நுழைத்துப் பார்த்தபோது, தட்டிக்கேட்டவர்களில் பெரும்பாலோர் நுழைந்தவருக்குப் பின்னால் நின்றவர்கள். எங்கள் ஊரில் கல்லுக்கும் பின்னால் நிற்பவர்தான் சாட்சி.

அதே கடையில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. கைப்பேசியோடு இரண்டு பேர் நின்றதைப் பார்த்துவிட்டு, அட்டையை நீக்கக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று திண்ணையில் பேச்சு கிளம்பிவிட்டது. நாங்கள் விளக்க விளக்க அது வலுத்தது. 1934 பிகார் நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளை உளவியலாளர் ஜமுனா பிரசாத் சேகரித்து 1935இல் எழுதினார். அதிர்வை உணர்ந்தும் சேதம் இல்லாத பகுதிகளில், இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பின்னாளில் அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் யோசிக்கத் தொடங்கினார்: வதந்தி பயத்தை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த பயத்துக்குக் காரணம் தேடித் தந்தது. மனதில் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவற்றை நாம் எப்படியாவது ஒத்துப்போக வைப்போம் என்று சொல்லும் அவருடைய மன முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு அது ஒரு வித்து. ரேஷன் அட்டை போய்விடுமோ என்ற பயம் திண்ணையில் முன்பே உட்கார்ந்திருந்தது. நாங்கள் கைப்பேசியோடு போய் அதற்கு உருவம் கொடுத்தோம். இப்போது அங்கே போகும் மாணவர்கள், கையில் எதுவும் இல்லாமல் இரண்டு நாள் போய் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள்தான் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

கடந்த ஆண்டு இன்னும் ஒன்று சேர்த்தேன். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஆய்வாளர்கள் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் கிராமத்துப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களே எடுக்கச் செய்தார்கள். 1990களில் நடந்தது அது. நாங்களும் பேசி முடித்ததும் கைப்பேசியை நீட்டி, “நீங்கள் ஒன்று எடுங்கள்” என்கிறோம். பெரும்பாலோர் மாணவர்களைத்தான் எடுக்கிறார்கள். “நேராக நில், சிரி” என்று அதட்டி வேறு எடுக்கிறார்கள். பேரனுக்கு அனுப்ப வேண்டும் என்று தன்னையே எடுத்துக்கொண்டவரும் உண்டு.

நிறுத்தத்துக்கு எதிரே வெள்ளரிப் பிஞ்சு விற்கும் ஒரு பெண் கைப்பேசியை வாங்கி, எங்கும் பார்க்காமல் சாலையின் அந்தப் பக்கம் எடுத்தார். ஒரு சுவர், ஒரு சந்து, சந்தின் முடிவில் பூட்டிய தகரக் கதவு. மாணவிக்கு ஒன்றும் புரியவில்லை. பாடம் கற்ற பிள்ளை. திரையை அவர் பக்கம் திருப்பி, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பத்து எண்ணியாகிவிட்டது. பதினைந்தும் ஆகிவிட்டது.

“கக்கூஸ்” என்றாராம் அவர். “பூட்டித்தான் இருக்கும். அதனால் சாயங்காலம் வரை நான் தண்ணீர் குடிப்பதில்லை.” பிறகு ஒரு வெள்ளரிப் பிஞ்சைக் கீறி, மிளகாய்ப் பொடி தடவி அவள் கையில் கொடுத்திருக்கிறார். அவள் நோட்டின் இடது பக்கத்தில், கேட்பதற்கு முன் பேனாவால் எழுதியது அப்படியே இருக்கிறது: ‘படம் எடுக்கத் தெரியவில்லை, கை தவறி அழுத்திவிட்டார்.’